அவர்கள் சும்மா இருந்தால் நீங்களும் சும்மா இருங்கள்: ஐஸ்லாந்து காமெடிகளுக்குச் சப்டைட்டில் போடுவோர் செய்யும் தவறுகள்

போன மாதம் எங்கள் திரைப்பட வட்டத்தில் புதிதாகச் சேர்ந்த இரண்டு பேர் ஒரு சப்டைட்டில் கோப்பு அனுப்பினார்கள். ஐஸ்லாந்துப் படம். ஆங்கில வரிகளைத் தமிழாக்கி, நேரம் பொருத்தி, இரண்டு வாரம் ராத்தூக்கம் கெட்டுச் செய்திருந்தார்கள். திறந்து பார்த்தால் என் பழைய நோட்டுப் புத்தகத்தைப் புரட்டுவதுபோல் இருந்தது. நான் ஆரம்பத்தில் பண்ணிய அதே கோளாறுகள், வரிசைகூட மாறாமல்.

எழுத்துப்பிழை, சந்திப்பிழை, வரி திரைக்கு வெளியே ஓடுவது பற்றியெல்லாம் இங்கே பேசப்போவதில்லை. கண்ணிருக்கிற யாரும் அதைத் திருத்திவிடலாம். உம்மென்று முகத்தை வைத்துக்கொண்டு சிரிக்கவைக்கிற இந்தப் படங்களுக்கென்றே சில தவறுகள் உண்டு. அவற்றை மட்டும் சொல்கிறேன்.

பனியும் ஆடும் தெரிந்தால் காமெடி என்று முடிவுகட்டுவது

4 லட்சம் பேரைத் தொடாத நாடு. அங்கிருந்து வருவதெல்லாம் கிறுக்குத்தனமான சிரிப்புப் படம் என்று ஒரு பெயர் ஆகிவிட்டது. 2021இல் வந்த 'லேம்ப்' படத்துக்கு ஒருவர் வரிகளையெல்லாம் கிண்டல் தொனியில் எழுதிக்கொண்டு வந்தார். குழந்தையில்லாத தம்பதி ஒரு விசித்திர ஆட்டுக்குட்டியைப் பிள்ளையாக வளர்க்கிற கதை. அடிவயிற்றில் கிலி ஊறவைக்கிற படம். அத்தனை வரிகளையும் மறுபடி எழுதவேண்டியதாயிற்று.

எதிர்ப்பக்கமும் நடக்கும். 'டிரைவிங் மம்' 2022இல் வந்தது, கறுப்பு வெள்ளை, எஸ்தோனியாவின் தாலின் திரைப்பட விழாவில் முதல் பரிசு வாங்கியது. செத்துப்போன அம்மாவைக் காரின் பின்சீட்டில் உட்காரவைத்து மகன் நாட்டின் குறுக்கே ஓட்டிக்கொண்டு போகிறான். அம்மா பின்னாலிருந்து பேசிக்கொண்டே வருகிறாள். கூட வரும் நாய்க்குப் பழைய சோவியத் தலைவர் பிரெஷ்னேவின் பெயர். இதைப் போய் ஒப்பாரித் தமிழில் எழுதிவைத்தால் என்ன ஆகும்?

அப்பா பெயரைக் குடும்பப் பெயர் என்று எழுதுவது

ஐஸ்லாந்தில் பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயரே கிடையாது. சன் என்று முடிந்தால் இன்னாருடைய மகன், டோட்டிர் என்று முடிந்தால் இன்னாருடைய மகள். இயக்குநர் பெனடிக்ட் எர்லிங்சனின் அப்பா எர்லிங்கூர். ஆகவே 'எர்லிங்சன் எடுத்த படம்' என்று அறிமுகக் குறிப்பில் எழுதினால், உங்களை உங்கள் இனிஷியலைச் சொல்லிக் கூப்பிட்டதற்குச் சமம். அங்கே டெலிபோன் டைரக்டரி அச்சான காலத்தில் அதுவே சொந்தப் பெயர் வரிசையில்தான் இருந்தது. 1980 முதல் 1996 வரை ஜனாதிபதியாக இருந்த விக்தீஸ் எல்லோருக்கும் வெறும் விக்தீஸ்தான். இனிஷியல் போட்டே வளர்ந்த நமக்கு இது சட்டென்று பிடிபட்டிருக்க வேண்டும். ஆங்கிலக் கோப்பில் 'மிஸ்டர்' என்று பார்த்ததும் 'திரு.' போட்டுவிடுகிறோம்.

'நீ'யா, 'நீங்க'ளா என்று யோசிக்காமல் ஆரம்பிப்பது

ஐஸ்லாந்திய மொழியில் மரியாதைப் பன்மை என்று ஒன்று இருந்தது, இப்போது பேச்சில் அநேகமாக வழக்கொழிந்துபோயிற்று. போலீஸ்காரரும் திருடனும் ஒருவருக்கொருவர் 'நீ'தான். தமிழ் அப்படி விடாது. முதல் வரியிலேயே யார் மூத்தவர், யார் இளையவர், எவ்வளவு பழக்கம் என்று கேட்கும். படத்தை ஒருமுறை முழுக்கப் பார்த்து, யார் யாரை எப்படிக் கூப்பிடுவார்கள் என்று ஒரு தாளில் எழுதிவைத்துவிட்டு ஆரம்பியுங்கள். படத்தின் பாதியில் சண்டை வந்து 'நீங்க' 'நீ' ஆகிற இடம் ஒன்று கட்டாயம் இருக்கும். அதை வீணாக்காதீர்கள்.

உள்மூச்சை அதிர்ச்சி என்று நினைப்பது

அவர்கள் 'யாவ்' என்று ஆமாம் சொல்லும்போது பல சமயம் மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டே சொல்வார்கள். கேட்டால் திடுக்கிட்டதுபோல் இருக்கும். நான் ஒரு படம் முழுக்க '(திடுக்கிடுகிறார்)' என்று போட்டிருந்தேன். காப்பி வேணுமா என்று கேட்டதற்கு ஒரு பாட்டி ஒன்பது தடவை திடுக்கிட்டாள்.

மௌனத்தில் எழுதுவது

என் வயிற்றெரிச்சல் இதுதான். மற்றதெல்லாம் திருத்திக்கொள்ளலாம். இது ஒரு சாயங்காலத்தையே தின்றுவிடும்.

2015இல் பிரான்சின் கான் திரைப்பட விழாவில் 'அன் செர்ட்டன் ரிகார்ட்' பிரிவின் முதல் பரிசு வாங்கிய படம் 'ரேம்ஸ்'. எடுத்தவர் கிரிமுர் ஹாகோனார்சன். நம் ஊர்ப் பேச்சில் 'கிடா' என்று ஒரே சொல்லில் தலைப்பு வைத்துவிடலாம். வடக்கு ஐஸ்லாந்தில் ஒரு பள்ளத்தாக்கு. அடுத்தடுத்த பண்ணையில் இரண்டு சகோதரர்கள், கும்மி, கித்தி. நாற்பது வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை. தவிர்க்க முடியாத சேதி என்றால் சீட்டில் எழுதி நாயின் வாயில் கொடுத்தனுப்புவார்கள். ஆட்டுக்கு மூளையைத் தாக்கும் ஒரு நோய் வருகிறது. அங்கே அப்போதைய விதிப்படி அந்த நோய் கண்டால் பட்டியில் ஒன்று விடாமல் அழித்துவிட வேண்டும்.

அதில் ஒரு காட்சி. குடித்துவிட்டுப் பனியில் விறைத்துக் கிடக்கிறார் கித்தி. கும்மி பார்க்கிறார். தூக்கவில்லை, தட்டி எழுப்பவில்லை. மண் அள்ளுகிற வண்டியைக் கொண்டுவந்து, முன்னால் இருக்கிற வாளியால் ஆளை அள்ளிக்கொண்டு கிளம்புகிறார். வண்டி போகிறது. எங்கே போகிறது என்று தெரியாது. கடைசியில் ஆஸ்பத்திரி வாசலில் வாளியைச் சாய்த்து, ஆளைச் சரித்துவிட்டு, அப்படியே திரும்பிப் போய்விடுகிறார். ஒரு வார்த்தை கிடையாது. கோபம் தீரவில்லை, சாகவிடவும் மனசில்லை. நாற்பது வருஷமும் அந்த வாளியில் இருக்கிறது.

நான் என்ன செய்தேன்? அவ்வளவு நேரம் திரையின் அடியில் ஒன்றுமில்லாமல் இருந்தால் ஜனங்களுக்குப் புரியாதே என்று பயந்துபோய், வண்டி ரோட்டில் ஏறின உடனே ஒரு வரி போட்டேன்: '(கூடப்பிறந்தவனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறார்)'.

அந்தப் படத்துக்கு எங்களுக்கு ஒரே ஒரு காட்சிக்குத்தான் அனுமதி. ஹாலுக்கு வாடகை கொடுத்து, நாற்காலி இரவல் வாங்கி, ஐம்பது அறுபது பேரைக் கெஞ்சிக் கூட்டி வந்திருந்தோம். வாளி சாய்ந்தது. ஹாலில் மின்விசிறிச் சத்தம் மட்டும். பின்வரிசையில் யாரோ இருமினார். படம் முடிந்து செருப்பு மாட்டும்போது ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் சொன்னார்: "நல்லாத்தான் இருந்துச்சு தம்பி. அடுத்து என்ன நடக்கும்னு நீங்க சொல்லிக்கிட்டே வந்தீங்க, நாங்க சரிபார்த்துக்கிட்டே வந்தோம்."

இத்தனை வருஷம் ஆகியும் அந்த 'சரிபார்த்துக்கிட்டே' காதை விட்டுப் போகவில்லை.

இப்போது வந்திருக்கிற கோப்பும் அதே படத்துக்குத்தான். ஆவலை அடக்க முடியாமல் நேராக அந்த இடத்துக்குப் போனேன். '(அவரைக் காப்பாற்ற விரைகிறார்)' என்று இருந்தது. என்னுடையதே தேவலை. அழித்தேன். உடனே அனுப்பிய இரண்டு பேரில் ஒருத்தி போன் பண்ணினாள்: "அண்ணே, அங்க அவ்வளவு நேரம் ஒண்ணுமே வரலைன்னா கோப்பு கெட்டுப்போச்சுன்னு நினைக்க மாட்டாங்களா?" நினைத்தால் நினைக்கட்டும் என்றேன்.

இதே தவறு கொஞ்சம் நாசூக்காகவும் நடக்கும். வழியில் ஒரு பேச்சு, ஒரு பதில் என்று வைத்துக்கொள்ளுங்கள். இது நானே கட்டிய உதாரணம்:

– உன் டிராக்டர் என் வேலி மேல நிக்குது.
– தெரியும்.

ஆங்கிலக் கோப்புகளில் இரண்டையும் கோடு போட்டு ஒரே திரையில் அடுக்கியிருப்பார்கள். படபடவென்று பேசுகிற படத்துக்கு அது சரி. இங்கே இரண்டு வரிக்கும் நடுவில் நாலு வினாடி இருக்கும். காற்று அடிக்கும். ஒருவர் மூக்கைத் துடைப்பார். வேலியைப் பார்ப்பார். அப்புறம் 'தெரியும்'. அந்த நாலு வினாடிதான் சிரிப்பு. இரண்டு வரியும் சேர்ந்து வந்தால் பார்வையாளர் முதல் வினாடியிலேயே படித்து முடித்துவிட்டு, மிச்ச மூன்று வினாடியும் இவன் ஏன் வாயைத் திறக்கமாட்டேன் என்கிறான் என்று எரிச்சல்படுவார். பிரியுங்கள். இரண்டாவது ஆள் வாய் திறக்கிற பிரேமில் வரி வரட்டும். வினாடிக்கு 24 பிரேம். ஆறு பிரேம் முந்தினால்கூடக் காரியம் கெடும்.

இன்னொரு வேடிக்கை, இதைத் தமிழ் இலக்கணமே செய்யும். ஐஸ்லாந்தியத்திலும் ஆங்கிலத்திலும் வினை முன்னால் வந்துவிடும். குத்துகிற சொல் வாக்கியத்தின் வாலில் நிற்கும். தமிழில் வாலை வினை பிடித்துக்கொள்ளும். 'செவ்வாய்க்கிழமை வரைக்கும் உன்னை மன்னிக்கிறேன்' என்று ஒழுங்காக எழுதினால் வாக்கியம் சரி, சிரிப்பு செத்துப்போயிற்று. வாயால் எப்படிச் சொல்வீர்கள்? 'உன்னை மன்னிச்சுட்டேன். செவ்வாய்க்கிழமை வரைக்கும்.' அப்படியே எழுதுங்கள். இரண்டு வரிக்கும் நடுவில் நடிகர் மூச்சு விட்டால் நீங்களும் விடுங்கள்.

காது கேளாதவர்களுக்கான கோப்பில் ஒலிக்குறிப்பு வேண்டும்தான், அது தனி வேலை. அங்கேயும் நடக்கிற சத்தத்தைச் சொல்லுங்கள். நடக்கப்போகிற கதையைச் சொல்லாதீர்கள்.

எதிரில் நிற்பவர்களைப் 'பின்னணி இசை' என்பது

பெனடிக்ட் 2018இல் எடுத்த 'வுமன் அட் வார்' படத்தில் ஹால்லா என்று ஒரு பாட்டுக்குழு நடத்துநர். அலுமினிய ஆலைக்குப் போகிற மின்கம்பிகளை ரகசியமாக அறுத்துப்போடுவது அவருடைய மறுபக்கம். ஹால்லாவாகவும் அவருடைய இரட்டைச் சகோதரியாகவும் ஒரே நடிகைதான், ஹால்டோரா. இசை கேட்கிறது, பின்னணி என்று நாம் விட்டுவிடுகிறோம். கேமரா கொஞ்சம் நகர்ந்தால் மூன்று வாத்தியக்காரர்கள் பொட்டல்வெளியில் நின்று வாசித்துக்கொண்டிருக்கிறார்கள். வேறு இடங்களில் உக்ரேனியப் பாடகிகள் மூவர் நிற்பார்கள். '(பின்னணி இசை)' என்று போட்டவர் யாரென்று சொல்லமாட்டேன். அவருக்கு இப்போது நரை விழுந்துவிட்டது.

ஆங்கிலத்தை நம்புவது

ஆங்கில வழியாக வந்த ஒரு வரியில் 'புட் டவுன்' என்று இருந்ததை, 'ஆடுகளைக் கீழே வைக்க வேண்டும்' என்று மொழிபெயர்த்தவர் இருக்கிறார். கொல்வதைச் சொல்லியிருந்தார்கள்.

எங்கே போனாலும் அவர்கள் வாயில் வருகிற 'தெத்தா ரெத்தாஸ்ட்' என்பதை 'எல்லாம் இறுதியில் சரியாகிவிடும்' என்று இழுக்காதீர்கள். 'பாத்துக்கலாம்'. தீர்ந்தது.

முன்னுரையில் கதை சொல்வது, சொல்லவேண்டியதை விடுவது

படம் போடுமுன் ஐந்து நிமிடம் பேசச் சொன்னால் கதையில் முக்கால்வாசியைச் சொல்லிவிட்டு 'மீதியை வெண்திரையில் காண்க' என்று இறங்குகிறோம். படம் தானே காட்டப்போவதை நாம் எதற்குச் சொல்ல வேண்டும்? ஐஸ்லாந்தின் தலைநகர் ரெய்க்யவிக்கில் டிக்கெட் வாங்கி உட்காருகிறவர் மண்டைக்குள் ஏற்கெனவே இருக்கிற சங்கதிகள்தான் நமக்குத் தெரியாதவை. கும்மியாக நடித்த சிகுர்துர் சிகுர்யோன்சன் அங்கே பல வருஷம் டிவியில் ஓடிய ஒரு நையாண்டி நிகழ்ச்சியின் முகம். அவர் தாடியோடு சோகமாக நின்றாலே அவர்களுக்கு உதடு துடிக்கும். இதை ஒரு வரி சொல்லிவிடுங்கள்.

2021இல் வந்த 'காப் சீக்ரெட்' என்ற போலீஸ் காமெடியை எடுத்த ஹான்னஸ், 2018 உலகக் கோப்பையில் மெஸ்ஸியின் பெனால்டியைத் தடுத்த அதே கோல்கீப்பர். இதைச் சொல்லாமல் அந்தப் படத்தைப் போடுவது பாவம்.

மேயராகவே ஒரு காமெடியன் இருந்த ஊர் ரெய்க்யவிக். யோன் க்னார், 2010 முதல் 2014 வரை. நீச்சல்குளங்களில் இலவசத் துண்டு, மிருகக்காட்சி சாலைக்குப் பனிக்கரடி என்று வாக்குறுதி கொடுத்து ஜெயித்தவர்.

புதுப்படம் என்றால் அவசரப்படுவது

ஹ்லினுர் பால்மாசனின் 'தி லவ் தட் ரிமெய்ன்ஸ்' 2025இல் கானில் காட்டப்பட்டதும், அதில் வரும் பாண்டா என்ற நாய் அங்கே நாய்களுக்கென்று கொடுக்கிற 'பாம் டாக்' விருதை வாங்கியதும் செய்தியாக வந்தன. உடனே எங்கள் குழுவில் ஒருவர் 'ஜாலியான நாய்ப் படம்' என்று போஸ்டர் வாசகம் எழுதிவிட்டார். பிரிந்துபோகிற ஒரு குடும்பத்தின் ஒரு வருஷம் அது. சிரிப்பு உண்டு. சிரித்த பிறகு ஏன் சிரித்தோம் என்று இருக்கும். போஸ்டர் எழுதுகிறவரும் படத்தைப் பார்க்க வேண்டும்.

வேறு படத்தின் கோப்பு

2020இல் சாம் நீல் நடித்த ஆஸ்திரேலிய 'ரேம்ஸ்' ஒன்று இருக்கிறது. கோப்பை இறக்கும்போது வருஷத்தைப் பாருங்கள்.

'(ஆடு கத்துகிறது)'

கேட்கிறது.