நீலக் கோட்டில் பக்கைப் பறிகொடுக்கும் அணிக்கு: ஸோன் என்ட்ரி (எதிரணியின் பகுதிக்குள் நுழைவது), படிப்படியாக

தொடர்ந்து தோற்கும் ஐஸ் ஹாக்கி அணியின் ஆட்டத்தைக் கவனித்தால், பக் (ஆட்டத்தில் அடிக்கும் ரப்பர் வட்டு) கைமாறும் இடம் பெரும்பாலும் எதிரணியின் நீலக் கோடாகத்தான், அதாவது அவர்கள் காக்கும் பகுதி தொடங்கும் கோடாகத்தான் இருக்கும். சொந்தப் பகுதியிலிருந்து சிரமப்பட்டு வெளியேறி, நடுப்பகுதியையும் கடந்து, கோட்டுக்கு ஒரு ஸ்டிக் நீளம் மிச்சமிருக்கும்போது பறிகொடுப்பார்கள். அங்கே பறிபோவதுதான் மிக மோசம். நம் ஆட்கள் முன்னோக்கிப் பாய்ந்துகொண்டிருப்பார்கள். பக்கைப் பிடுங்கியவருக்கு எதிர்த்திசையில் பாதை திறந்து கிடக்கும்.

பக் வைத்திருந்தவருக்குக் கைத்திறன் போதாது என்றுதான் எல்லோரும் முதலில் சொல்வார்கள். அபூர்வமாகவே அது உண்மை. கோளாறு பொதுவாக இரண்டு இடங்களில் இருக்கும்: மற்ற இரண்டு ஃபார்வர்டுகள் (தாக்கும் ஆட்கள்) வரும் வேகம், முடிவெடுக்கும் நேரம். இரண்டுமே பயிற்சியில் திருத்தக்கூடியவை.

படி 1: முதலில் எண்ணுங்கள்

ஒரு ஆட்டத்தின் வீடியோ, ஒரு தாள், ஒரு பேனா போதும். நம் அணி நீலக் கோட்டைக் கடக்க முயன்ற ஒவ்வொரு முறையும் ஒரு கோடு போடுங்கள். தாளில் ஆறு கட்டங்கள்: கையில் வைத்தபடி நுழைந்தது, பாஸ் மூலம் நுழைந்தது, உள்ளே அடித்து (பக்கை எதிரணிப் பகுதிக்குள் அடித்துவிட்டுத் துரத்தி) மீட்டது, உள்ளே அடித்து இழந்தது, கோட்டருகே பறிகொடுத்தது, ஆஃப்சைடு. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில், அடுத்த பத்து விநாடிக்குள் ஷாட் வந்ததா என்று குறியுங்கள். இடப்பக்கமா வலப்பக்கமா என்பதையும் எழுதினால் நல்லது. எல்லா நுழைவும் ஒரே பக்கத்தில் நடப்பது தெரியவந்தால் எதிரணிக்கும் அது தெரிந்திருக்கும்.

ஹாக்கிப் புள்ளிவிவர ஆய்வாளர் எரிக் டல்ஸ்கி 2013-ல் வெளியிட்ட ஆய்வு, வட அமெரிக்கத் தொழில்முறை லீக்கான என்ஹெச்எல்லின் ஆட்டங்களை இப்படித்தான் எண்ணியது. பக்கைக் கட்டுப்பாட்டில் வைத்து நுழைந்தால் கிடைக்கும் ஷாட்கள், உள்ளே அடித்துவிட்டுத் துரத்துவதைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு என்பது அதன் முடிவு. (2024-ல் அவர் கரோலினா ஹரிகேன்ஸ் அணியின் பொது மேலாளரே ஆகிவிட்டார்.) இதைப் படித்துவிட்டு ‘இனி யாரும் உள்ளே அடிக்கக் கூடாது’ என்று கட்டளை போடும் பயிற்சியாளர்கள் உண்டு. அப்படிச் செய்தால் ஐந்தாவது கட்டம்தான் நிரம்பும்.

படி 2: இரண்டு விதிகள், அதற்குமேல் வேண்டாம்

ஆஃப்சைடு: பக் முழுவதுமாகக் கோட்டைத் தாண்டுவதற்கு முன், நம் ஆள் ஒருவரின் இரண்டு ஸ்கேட்டுகளும் கோட்டுக்கு அப்பால் போயிருக்கக் கூடாது. ஒரு ஸ்கேட் கோட்டின்மேல் இருந்தால் போதும். என்ஹெச்எல்லில் 2020-21 முதல் அந்த ஸ்கேட் பனியைத் தொட்டிருக்க வேண்டியதுகூட இல்லை, காற்றில் கோட்டுக்கு நேர்மேலே இருந்தாலே சரி. உங்கள் லீக்கின் விதிப்புத்தகத்தை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

ஐசிங்: நடுச் சிவப்புக் கோட்டை எட்டாமல் அடித்த பக், யார்மீதும் படாமல் எதிரணியின் கோல் கோட்டைத் தாண்டினால் ஆட்டம் நின்று, ஃபேஸ்-ஆஃப் (இரு அணி ஆட்களுக்கும் நடுவே நடுவர் பக்கைப் போட்டு ஆட்டத்தை மீண்டும் தொடங்குவது) நம் பகுதிக்குத் திரும்பிவிடும். ஆகவே உள்ளே அடிக்க நினைப்பவர் முதலில் சிவப்புக் கோட்டைத் தொட வேண்டும்.

படி 3: மூன்று தடங்கள், மூன்று வேலைகள்

அகலத்தை மூன்று தடங்களாகப் பிரியுங்கள்: இரு ஓரங்கள், ஒரு நடு. ஃபேஸ்-ஆஃப் புள்ளிகளை நீளவாக்கில் இணைத்தால் வருவதுதான் எல்லை. மூன்று ஃபார்வர்டுகளுக்கும் தனித்தனி வேலை.

பக் வைத்திருப்பவர் ஓரத் தடத்தில் வருகிறார். இரண்டாமவர் நடுத்தடத்தில் கோலை நோக்கி நேராகப் பாய்கிறார். அவருக்குப் பாஸ் கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை. ஒரு தடுப்பாளரைத் தன்னோடு பின்னால் இழுத்துப்போவதே அவர் வேலை. அவர் போனால்தான் நீலக் கோட்டுக்கு உட்புறம் ஒரு வெற்றிடம் பிறக்கும். மூன்றாமவர் சற்றுப் பிந்தி வந்து அந்த வெற்றிடத்தில் நுழைகிறார்.

தோற்கும் அணிகளில் நடுத்தட ஆள் பாய்வதே இல்லை. பாஸ் வரும் என்று கோட்டருகே வேகத்தைக் குறைத்துத் திரும்பிப் பார்ப்பார். உடனே இரண்டு தடுப்பாளர்களும் பின்வாங்கத் தேவையில்லாமல் கோட்டிலேயே சுவர்போல் நின்றுவிடுவார்கள். இதைவிடப் பெரிய வியாதி ஒன்று உண்டு: ஓர ஆள் எதிரணியின் நீலக் கோட்டில் முன்கூட்டியே போய் நின்றுகொண்டு ஸ்டிக்கைத் தட்டுவது. நின்ற காலில் பாஸ் வாங்குபவரை மடக்குவது தடுப்பாளருக்கு மிகச் சுலபம்.

வேகம் நம் நீலக் கோட்டுக்குள்ளேயே தொடங்க வேண்டும். சீக்கிரம் வந்துவிட்டால் நிற்காதீர்கள். கோட்டுக்கு இணையாக வளைந்து சறுக்குங்கள், அல்லது பின்ஸ்கேட்டைக் கோட்டின்மேல் இழுத்தபடி காத்திருங்கள். வேகமும் போகாது, ஆஃப்சைடும் வராது.

படி 4: முடிவு சிவப்புக் கோட்டில்

சிவப்புக் கோட்டிலிருந்து நீலக் கோட்டுக்குச் சுமார் 7 மீட்டர். ஓரளவு வேகமாக வருபவருக்கு அது ஒரு விநாடி. நீலக் கோட்டை நெருங்கியபின் யோசிக்க நேரமே கிடையாது. சிவப்புக் கோட்டைத் தொடும்போது தலை நிமிர்ந்திருக்க வேண்டும். மூன்றைப் பார்க்க வேண்டும்.

முதலாவது, எதிரில் உள்ள தடுப்பாளருக்கும் உங்களுக்கும் இடைவெளி எவ்வளவு? மூன்று ஸ்டிக் நீளமோ அதற்கு மேலோ இருந்தால் தயங்காமல் பக்கோடு நுழையுங்கள். ஒரு ஸ்டிக் நீளத்துக்குள் அவர் நெருங்கி நின்றால் அவரைத் தாண்டிக் கொண்டுபோக முயல வேண்டாம்.

இரண்டாவது, ஆள் கணக்கு. நம்மவர் மூவர், அவர்கள் இருவர் என்றால் பெரும்பாலும் பக்கோடு நுழைவதுதான். நீங்கள் தனியாக, எதிரில் இருவரோ மூவரோ என்றால் உள்ளே அடியுங்கள்.

மூன்றாவது, பின்னால் துரத்தி வரும் எதிரணி ஆள் எந்தப் பக்கம்? அவர் பெரும்பாலும் நடுவழியாக வருவார். கோட்டருகே நடுவை நோக்கி வெட்டினால் நீங்களே போய் அவர் ஸ்டிக்கில் மாட்டுவீர்கள்.

இடைவெளி நடுத்தரமாக, இரண்டு ஸ்டிக் நீளம் அளவில் இருந்தால்தான் குழப்பம். அப்போது நடுத்தட ஆளைப் பாருங்கள். அவர் வேகமாகப் பாய்கிறார் என்றால் நுழையுங்கள். நிற்கிறார் என்றால் அடுத்த படியில் சொல்லும் சிப்.

படி 5: உள்ளே போனபின் என்ன?

பக்கோடு நுழைந்தவர் நேரே மூலைக்குப் போய்ச் சுவரோடு முட்டிக்கொள்வது வழக்கம். சிரமப்பட்டுப் பெற்ற நுழைவு அங்கே வீணாகிறது. கோட்டைத் தாண்டி நான்கைந்து மீட்டர் போனதும் தடுப்பாளர் பின்வாங்கிக்கொண்டே இருந்தால், சுவர்ப் பக்கமாகச் சட்டென்று திரும்பி நில்லுங்கள். அவர் வேகத்தில் அவர் போய்விடுவார். உங்களுக்கு ஒன்றிரண்டு விநாடி கிடைக்கும். பிந்தி வரும் மூன்றாமவருக்கோ மறுபக்கத்து நம் டிஃபென்ஸ் ஆளுக்கோ பாஸ் கொடுக்க அது போதும். திரும்பும்போது உடல் தடுப்பாளருக்கும் பக்குக்கும் நடுவில் இருக்கட்டும்.

தடுப்பாளர் நெருங்கி நின்றால் சிப்: அவருக்கும் சுவருக்கும் நடுவிலுள்ள இடத்தில், சுவரில் பட்டு அவருக்குப் பின்னால் விழும்படி மெல்லத் தட்டிவிடுங்கள். அவர் திரும்ப வேண்டும், நீங்களோ ஏற்கெனவே முன்னோக்கி வருகிறீர்கள்; பந்தயத்தில் நீங்கள்தான் முன்னால். இங்கே நடக்கும் தவறு பலமாகத் தட்டுவது. பலமாகத் தட்டினால் அது பாஸ் அல்ல, கோல்கீப்பருக்குக் கொடுத்த பரிசு.

படி 6: உள்ளே அடிப்பதற்கும் ஒழுங்கு உண்டு

கையில் இருந்ததைக் கழித்துவிடுவதுபோல் அடிப்பதுதான் தோற்கும் அணியின் டம்ப். யாருக்காக அடிக்கிறோம் என்பது முதலில் தெரிய வேண்டும். வேகத்தோடு வரும் நம் ஆள் எந்த ஓரத்தில் இருக்கிறாரோ அந்த மூலைக்கு அடியுங்கள். பெரும்பாலும் அது எதிர்மூலையாக இருக்கும். தடுப்பாளர்கள் பக் இருக்கும் பக்கம் நெருக்கியிருப்பார்கள்.

வலு முக்கியம். மூலையில் பக் ஓய்ந்து கிடக்க வேண்டும். சுவரைச் சுற்றிவரும்படி பலமாக அடித்தால் கோல்கீப்பர் வலைக்குப் பின்னால் வந்து நிறுத்திவிடுவார். என்ஹெச்எல்லில் 2005-06 முதல் கோல் கோட்டுக்குப் பின்னால் ஒரு சரிவகம் வரைந்திருக்கிறார்கள். அதற்கு வெளியே கோட்டின் பின்பகுதியில் கோல்கீப்பர் பக்கைத் தொடக் கூடாது. அந்த விதி இருக்கும் லீக்கில் மூலைக்கு அடிப்பது இன்னும் பாதுகாப்பு.

துரத்தும்போது முதலில் போகிறவர் தடுப்பாளரின் உடலை மறிக்கட்டும், இரண்டாமவர் பக்கை எடுக்கட்டும். மூன்றாமவர் மேலேயே, நீலக் கோட்டுப் பக்கமாக நிற்க வேண்டும். மூவரும் மூலைக்குள் இறங்கினால் எதிரணியின் ஒரே பாஸில் மூவரும் கழன்றுவிடுவார்கள்.

படி 7: 1-3-1 எதிரே வந்தால்

எதிரணி தற்காப்புக்கு நிற்கும் ஓர் அமைப்பு இது: ஒருவர் முன்னே, மூவர் நடுப்பகுதியில் குறுக்காக, ஒருவர் கடைசியில். இந்த அமைப்பு தரும் அலுப்பு பிரசித்தம்: 2011 நவம்பரில் என்ஹெச்எல்லில் டாம்பா பே அணி இதை ஆடியபோது பிலடெல்பியா டிஃபென்ஸ் ஆட்கள் சொந்தப் பகுதியில் பக்கை வைத்துக்கொண்டு அசையாமல் நின்றார்கள், நடுவர் விசில் ஊதி நிறுத்தும்வரை. நீங்கள் அப்படி நிற்க வேண்டாம். மூவர் வரிசையை ஊடுருவிக் கொண்டுபோகவும் வேண்டாம். அவர்களுக்குப் பின்னால் இரண்டு மூலைகள், காக்க ஒரே ஒருவர். நம் பகுதியிலிருந்து எதிரணியின் நீலக் கோட்டருகே நீண்ட பாஸ். அங்கே வேகத்தோடு வரும் ஓர ஆள் அதை நிறுத்தாமல் ஸ்டிக்கால் மூலைக்குத் திருப்பிவிடுகிறார். சிவப்புக் கோட்டுக்கு அப்பால் நம் ஆள் தொட்டதால் ஐசிங் வராது. மறு ஓர ஆள் அதே நேரத்தில் கிளம்பியிருக்க வேண்டும். இல்லையேல் வெறும் தானம்.

படி 8: பயிற்சி

ஒரு பயிற்சிக்குப் பதினைந்து நிமிடம், ஒரே பாடம். மூன்று ஃபார்வர்டுகள் நம் நீலக் கோட்டுக்குள்ளிருந்து கிளம்ப, எதிரே இரண்டு தடுப்பாளர்கள். இடைவெளியைத் தடுப்பாளர்களிடம் மட்டும் ரகசியமாகச் சொல்லுங்கள்: ஒரு முறை நெருக்கம், ஒரு முறை தாராளம். பக் வைத்திருப்பவர் சிவப்புக் கோட்டில் ‘உள்ளே’, ‘சிப்’, ‘மூலை’ என்று உரக்கச் சொல்ல வேண்டும். சொல்லத் தாமதமானால் விசில். ஒவ்வொரு முறையும் முப்பது விநாடிக்குள் முடியட்டும்.

புள்ளிக் கணக்கு வையுங்கள். பக்கோடு நுழைந்தால் 1, நுழைந்து ஷாட் அடித்தால் 2, அடித்து மீட்டால் 1, கோட்டருகே பறிகொடுத்தால் கழித்தல் 2. அந்தக் கழித்தல்தான் பழக்கத்தை மாற்றும். இரண்டாவது வாரம் துரத்தி வரும் ஒரு ஆளை, ஃபார்வர்டுகளுக்கு இரண்டு மீட்டர் பின்னாலிருந்து சேருங்கள். டிராப் பாஸ் (பின்னால் வருபவருக்குப் பக்கை விட்டுச்செல்வது), குறுக்குவெட்டு எல்லாம் அதற்கப்புறம்.

ஆட்டத்தில் ஒன்று மட்டும் கூடுதலாகக் கவனியுங்கள். இரண்டாம் பீரியடில் பக்கம் மாறுவதால், எதிரணியின் பெஞ்ச் அவர்கள் காக்கும் பகுதியிலிருந்து தூரமாகிவிடும். களைத்த தடுப்பாளர்கள் ஆள் மாற முடியாமல் உள்ளே சிக்குவார்கள். ஆகவே அந்த இருபது நிமிடங்களில் எடுத்ததும் ஷாட் அடிப்பதைவிடப் பக்கை உள்ளேயே வைத்திருங்கள். நம் ஆட்களை ஒவ்வொருவராக மாற்றிக்கொள்ளலாம், நம் பெஞ்ச் பக்கத்திலேயே இருக்கும்.