ரத்த அழுத்தத்தைக் குறைக்கும் பேஸ்மேக்கர்: சரியான அளவைக் கருவியே தேடிக்கொள்ளும் முறை

இதயத்தின் மேலறை சுருங்கியதும் கீழறை துடிக்க எடுக்கும் நேரம்தான் ஏவி இடைவெளி. இதயத்தைத் தூண்டித் துடிக்கவைக்கும் பேஸ்மேக்கர் வழியே அதைச் சுருக்கினால் கீழறை முழுதாக நிரம்பாது, சிஸ்டாலிக் (ரத்த அழுத்தத்தின் மேல் எண்) இறங்கும். மொடராட்டோ என்ற பேஸ்மேக்கர் கருவியில் சோதிக்கப்பட்டுவரும் முறை இது. 2021-இல் வெளியான மொடராட்டோ-2 ஆய்வில், 6 மாதத்தில் 24 மணி நேரச் சராசரி சிஸ்டாலிக் சுமார் 11 மி.மீ. குறைந்தது, ஒப்பீட்டுக் குழுவில் சுமார் 3. இன்னும் ஆய்வுக் கட்டம்தான், ஆகவே சாதாரண பேஸ்மேக்கரில் இதை யாரும் முயலக் கூடாது.

கருவிக்கு இந்தத் தேடலை நிரலாக்கும்போது, முதலில் நோயாளியை 5 நிமிடம் படுக்க வைத்து, வழக்கமான இடைவெளியில் அடிப்படை அழுத்தத்தைப் பதியுங்கள். வழக்கமாகக் கையில் கட்டி அழுத்தம் பார்க்கும் பட்டை இதற்கு உதவாது. அது ஒருமுறை அளந்து முடிப்பதற்குள் உடல் ஈடுகட்டிவிடும். துடிப்புக்குத் துடிப்பு அளக்கும் விரல்பட்டை வேண்டும்.

பிறகு இடைவெளியை 140 மில்லி விநாடியிலிருந்து 20, 20 ஆகக் குறைத்து வாருங்கள். ஒவ்வொரு படியிலும் முதல் 5 துடிப்புகளின் அழுத்தத்தையும், ஒரு நிமிடம் கழிந்த அழுத்தத்தையும் தனித்தனியே பதிய வேண்டும். அடுத்த படிக்கு முன் பழைய இடைவெளிக்குத் திரும்பி, அழுத்தம் நிலைப்பட்ட பிறகே தொடருங்கள். ஒரே படியை 5 தடவையாவது திருப்பிச் செய்து சராசரி எடுக்காவிட்டால், மூச்சோடு வரும் ஏற்ற இறக்கமே கருவியின் விளைவு போலத் தெரியும்.

பெரும்பாலான நிரல்கள் சறுக்குவது இதற்கடுத்த இடத்தில். முதல் சில துடிப்புகளில் 20 மி.மீ. இறங்கியதைப் பார்த்து அந்த அளவிலேயே பூட்டிவிடுகின்றன. கழுத்துத் தமனியிலுள்ள அழுத்த உணரிகள் சில விநாடிகளில் ரத்தக்குழாய்களை இறுக்கி, இறங்கியதில் பெரும்பகுதியை மீட்டுவிடும். அதனால்தான் குறுகிய இடைவெளித் துடிப்புகள் பத்துக்கு ஒன்றிரண்டு நீண்ட இடைவெளித் துடிப்புகளை (100 முதல் 180 மில்லி விநாடி) இடையில் செருகுகிறோம். அப்போது அழுத்தம் சட்டென்று எழ, உணரிகள் இறுக்கத்தைத் தளர்த்தும். ஆக, நிரல் இடைவெளியோடு இந்தத் துடிப்பு விகிதத்தையும் தேட வேண்டும். தேர்வுக்கு ஒரு நிமிட அளவையே நம்ப வேண்டும்.

இலக்கை எட்டும் இடைவெளிகளில் மிக நீளமானதையே எடுங்கள். அளவுக்கு மீறிக் குறுக்கினால் மூடிய வால்வின் மீது மேலறை சுருங்கும். கழுத்துச் சிரை துள்ளும், மூச்சு வாங்கும். மேலறையைக் கருவி தூண்டும்போது, தானாகத் துடிக்கும்போது இருப்பதைவிடச் சில பத்து மில்லி விநாடி கூடுதலாகக் கொடுக்க வேண்டும், ஏனென்றால் தூண்டல் இடது மேலறையை அடையத் தாமதமாகும். இரண்டுக்கும் ஒரே எண்ணைப் போடுவது அடிக்கடி நடக்கும் பிழை.

மேலறை நடுக்கம் வந்தால் சிகிச்சை உடனே நிற்க வேண்டும். எழுந்து நிற்கும்போது அழுத்தம் சரிந்தாலும் அப்படியே. கீழறை எப்போதும் தூண்டப்படுவதால் பேட்டரி சீக்கிரம் தீரும், இதயத் தசையும் தளரலாம். குறித்த கால இடைவெளியில் எக்கோ (இதய ஸ்கேன்) எடுத்துப் பாருங்கள். இறுதி அளவை உறுதிசெய்வது 24 மணி நேரப் பதிவுதான். இரவில் மிகையாக இறங்கியிருந்தால், இரவுக்குத் தனி அளவு வையுங்கள்.