‘நாளையிலிருந்து பயிற்சிக்குப் போகமாட்டேன்’ என்று பிள்ளை சொன்னால்

இந்த வாக்கியம் பெரும்பாலும் இரவு ஒன்பது மணிக்கு மேல், மறுநாள் காலை ஐந்தரைக்கு அலாரம் வைக்கும் நேரத்தில்தான் வரும். விளையாட்டுப் பயிற்சிக்கான மூன்று மாதக் கட்டணத்தைப் போன வாரம்தான் கட்டியிருப்போம். அந்த எரிச்சலில் ‘போய்த்தான் ஆக வேண்டும்’ என்று அதட்டுவதும் சரியல்ல, பிள்ளையின் முகம் வாடுவதைப் பார்த்து ‘சரி, விட்டுவிடு’ என்று சொல்லிவிடுவதும் சரியல்ல. முடிவெடுக்கத் தேவையான விவரம் அன்றிரவு வீட்டில் யாரிடமும் இருக்காது. ‘ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பேசுவோம்’ என்று சொல்லிவிட்டு, இரண்டு கேள்விகளை மட்டும் அன்றே கேட்டுவிடுங்கள்: உடம்பில் எங்காவது வலிக்கிறதா, அங்கே யாரிடமாவது பயமாக இருக்கிறதா.

வளரும் வயதில் முழங்காலுக்குச் சற்றுக் கீழே எலும்பு புடைத்து வலிப்பதும், குதிகால் வலிப்பதும் ஓட்டமும் குதிப்பும் நிறைந்த விளையாட்டுகளில் சாதாரணமாக வருபவை. பயிற்சியைக் குறைத்து ஓய்வு கொடுத்தாலே பெரும்பாலும் தணியும். வேகப்பந்து வீசும் பிள்ளைக்குப் பின்பக்கமாக வளையும்போது கீழ்முதுகில் வலித்தால் அதை அப்படி விடக்கூடாது. முதுகெலும்பில் மெல்லிய விரிசல் விழுந்திருக்கலாம் என்பதால், எலும்பு மருத்துவர் பார்க்கும்வரை பந்து வீசுவதை நிறுத்த வேண்டும். கடும் பயிற்சியில் இருக்கும் பெண்ணுக்குச் சில மாதங்கள் தொடர்ந்து மாதவிடாய் வராமல் போனால், உழைப்புக்கு ஏற்ற உணவு உடம்புக்குப் போகவில்லை என்று பொருள் கொள்ள இடமுண்டு. அதையும் மருத்துவரிடம் சொல்லத் தயங்கக் கூடாது. பயத்தைப் பற்றிய கேள்விக்கு ‘ஆம்’ என்ற பதில் வந்தால், அடியோ, அவமதிப்போ, தகாத தொடுகையோ எதுவானாலும், விடாமுயற்சி பற்றிய பேச்சுக்கே அங்கு இடமில்லை. மறுநாள் முதல் அனுப்பாதீர்கள். பாலியல் சீண்டல் என்றால் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி புகார் செய்ய வேண்டும்; 1098 என்ற எண்ணில் குழந்தைகள் உதவி மையத்தையும் அழைக்கலாம்.

வலியும் பயமும் இல்லை என்று தெரிந்த பிறகுதான் உண்மையான வேலை தொடங்குகிறது. பிள்ளை எதை விட விரும்புகிறது என்பதைக் கண்டுபிடிப்பதே அந்த வேலை. ‘ஏன்?’ என்று கேட்டால் ‘பிடிக்கவில்லை’ என்பதற்கு மேல் பதில் வராது. என் மகன் 13 வயதில் ‘கிரிக்கெட் பிடிக்கவில்லை’ என்றபோது நானும் அதை அப்படியே நம்பினேன். ஆனால் அதே வாரம், தெருவிளக்கு எரிந்த பிறகும் டென்னிஸ் பந்தை வைத்துக்கொண்டு பக்கத்து வீட்டுப் பையன்களோடு ஆடிக்கொண்டிருந்தான். பிறகு ஒரு மாலை அகாடமிக்குப் போய், வேலிக்கு வெளியே நின்று பார்த்தேன். வலைப்பயிற்சியில் அவன் முறை கடைசியாக வந்தது, வெளிச்சம் மங்கியிருந்தது, பத்துப் பன்னிரண்டு பந்துகளுக்குள் கோச் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு ஸ்டம்புகளைப் பிடுங்கச் சொன்னார். அதற்கு முன் ஒன்றரை மணி நேரம் பேடு கட்டியபடி அவன் உட்கார்ந்திருந்தான். அவனுக்குப் பிடிக்காமல் போனது அந்தக் காத்திருப்புத்தான், கிரிக்கெட் அல்ல.

எனவே காரணத்தைக் கேட்காமல், நிலைமையை மாற்றி மாற்றிக் கேளுங்கள். வேறு கோச் இருந்தால் போவாயா? இதே கோச்சிடம், இப்போதுள்ள நண்பர்கள் இல்லாமல் போவாயா? போட்டிகளே இல்லாமல் வெறும் விளையாட்டு என்றால்? காலையில் வேண்டாம், மாலையில் மட்டும் என்றால்? எந்தக் கேள்விக்குப் பிள்ளையின் முகம் மாறுகிறதோ, காரணம் அங்கேதான் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் ‘இல்லை’ என்றே பதில் வந்தால் அது பெரும்பாலும் சலிப்பு. அதற்கு விலகல்தான் மருந்து என்பதில்லை. ஒரே விளையாட்டில் முழுமூச்சாக இறங்குவதைக் குறைந்தது 15, 16 வயதுவரை தள்ளிப்போடலாம் என்றும், வாரத்துக்கு ஒன்றிரண்டு நாள் ஓய்வும், ஆண்டில் மாத மாதமாகப் பிரித்து மொத்தம் மூன்று மாத விடுப்பும் தேவை என்றும் அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2016-இல் பரிந்துரைத்தது. நம் அகாடமிகளில் கோடை விடுமுறையில்தான் பயிற்சி இருமடங்காகிறது. ‘விட்டுவிடுகிறேன்’ என்று சொல்லும் பிள்ளைகளில் சிலர் கேட்பது ஒரு மாத விடுப்பை மட்டுமே. அப்படிக் கேட்கலாம் என்பது அவர்களுக்குத் தெரிவதில்லை.

இந்தக் கட்டத்தில் வீட்டில் தாத்தா இருந்தால் அவர் பேசுவார். ‘தொட்டதைப் பாதியில் விடுவதா?’ என்பார். அவரை எதிர்த்து வாதாடுவதற்கு முன், அவர் எங்கிருந்து பேசுகிறார் என்பதைப் புரிந்துகொள்வது நல்லது. என் தந்தை வாலிபால் ஆடி, அதனாலேயே ரயில்வேயில் வேலை பெற்றவர். அவர் தலைமுறையில் ரயில்வே, வங்கி, காவல்துறை அணிகளில் கிடைக்கும் ஓர் இடம் குடும்பத்துக்கே சோறு போட்டது. மைதானம் பள்ளிக்கூடத்துடையது, பி.டி. மாஸ்டருக்குச் சம்பளம் அரசு கொடுத்தது, ஊரில் ஆறு பேர் சேர்ந்தால்தான் அணி. ஒருவன் விலகினால் மற்ற ஐந்து பேரின் ஆட்டமும் நின்றது. அங்கே விடாமுயற்சி என்பது அந்த ஐந்து பேருக்குச் செய்யும் கடமையாகவும் இருந்தது. இன்று முப்பது பிள்ளைகள் கட்டணம் கட்டி ஒரே வலைக்கு முன் நிற்கிறார்கள். ஒருவன் வராவிட்டால் மற்றவனுக்குக் கூடுதலாக நான்கு பந்துகள் கிடைக்கும். பெரியவர்கள் சொல்லும் மதிப்பு தவறானதல்ல, அது நின்ற தரை இன்று இல்லை.

தாத்தாவோடு பிள்ளையின் முன்னால் சண்டை போடாதீர்கள். அவருடைய கதையை முழுமையாகச் சொல்லச் சொல்லுங்கள். என் தந்தையிடம் கேட்டபோதுதான், பள்ளியில் அவர் ஆடியது பூப்பந்து என்பதும், வேலைவாய்ப்பு வாலிபாலில் அதிகம் என்று யாரோ சொன்னதைக் கேட்டு இரண்டு ஆண்டு ஆடிய ஆட்டத்தை விட்டு வந்தவர் அவர் என்பதும் தெரியவந்தது. அன்றைக்கு அதை யாரும் ‘விட்டுவிட்டான்’ என்று சொல்லவில்லையாம்.

உதாரணம் காட்டுவதில் ஓர் எச்சரிக்கை. வருண் சக்கரவர்த்தி பள்ளியில் விக்கெட் கீப்பராக இருந்து, 17 வயதில் கிரிக்கெட்டை விட்டு, கட்டடக்கலை படித்து வேலையும் பார்த்த பிறகு திரும்பி வந்து, சுழற்பந்து வீச்சாளராக இந்திய அணிவரை போனார். ஆஸ்திரேலியாவின் ஆஷ்லி பார்ட்டி 2014-இல் 18 வயதில் டென்னிஸை விட்டுவிட்டு, பெண்கள் பிக் பாஷ் கிரிக்கெட்டில் ஆடி, மறுபடியும் டென்னிஸுக்கு வந்து 2021-இல் விம்பிள்டனை வென்றார். இவற்றைச் சொல்லி ‘நீயும் திரும்பி வருவாய்’ என்று பிள்ளையின் தலையில் புதிய பாரத்தை ஏற்றக்கூடாது. எனக்கு இவர்களைவிட அஸ்வினின் கதை பயனுள்ளதாகப் படுகிறது. சிறுவயதில் தொடக்க மட்டையாளராக இருந்தவர் ஆட்டத்தை விடவில்லை, ஆட்டத்துக்குள் தன் இடத்தை மாற்றிக்கொண்டு சுழற்பந்து வீச்சாளரானார். டெஸ்ட் போட்டிகளில் 537 விக்கெட்டுகள் எடுத்தார். விடுவது, தொடர்வது என்ற இரண்டுக்கும் நடுவே இப்படி ஒரு வழி இருப்பதைக் கோச்சிடம் கேட்காமலே பல குடும்பங்கள் கடந்துவிடுகின்றன.

ஞாயிற்றுக்கிழமை பேச்சில் ஒரு கெடு வையுங்கள். நடக்கும் தொடர் முடியும்வரை, அல்லது ஆறிலிருந்து எட்டு வாரம் வரை என்பது என் கணக்கு. தோற்ற இரவிலும் செலக்‌ஷன் பட்டியல் வந்த மறுநாளிலும் முடிவெடுப்பதில்லை என்றும் பேசிக்கொள்ளுங்கள். அந்தக் கெடுவுக்குள் பிள்ளையே கோச்சிடம் ஒரு கேள்வி கேட்க வேண்டும்: ‘சார், அணியில் இடம் கிடைக்க நான் எதைச் சரிசெய்ய வேண்டும்?’ பக்கத்தில் நீங்கள் நிற்கலாம், பேசக் கூடாது. ‘கால் நகர்வதில்லை, வாரம் இருமுறை முன்னதாக வா’ என்று குறிப்பாகப் பதில் வந்தால் இருந்து பார்க்கலாம். ‘பார்க்கலாம், பார்க்கலாம்’ என்று மட்டும் வந்தால் உங்களுக்கு வேண்டிய விடை கிடைத்துவிட்டது.

அணி மாறுவது என்று முடிவானால், புதிய இடத்துக்குச் சொல்லாமல் ஒருநாள் போய் முழுப் பயிற்சியையும் பாருங்கள். ஒரு கோச்சுக்கு எத்தனை பிள்ளைகள், உங்கள் பிள்ளை ஆடும் இடத்தில் ஏற்கெனவே எத்தனை பேர், தவறு செய்த பிள்ளையிடம் கோச் எப்படிப் பேசுகிறார் என்ற மூன்றும் தெரிந்தால் போதும். அகாடமி மாறுவது எளிது. லீக் ஆட்டத்தில் ஒரு கிளப்புக்குப் பதிவு செய்திருந்தால், மாற்றத்துக்கு எப்போது இடமுண்டு, பழைய கிளப்பின் ஒப்புதல் வேண்டுமா என்பதை முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும். கிரிக்கெட்டில் மாநிலம் மாறுவதற்குப் பழைய மாநிலச் சங்கத்தின் தடையில்லாச் சான்று தேவை. 2025 ஏப்ரலில் மும்பையிலிருந்து கோவாவுக்குப் போக அந்தச் சான்றைக் கேட்ட இந்திய அணி வீரர் யஷஸ்வி ஜெய்ஸ்வால், அடுத்த மாதமே மனம் மாறி மும்பையிலேயே ஆட அனுமதி கேட்டார் என்பதை நினைத்தால், சிறுவர்களின் மனம் மாறுவதில் வியப்பில்லை. அரசு விளையாட்டு விடுதியில் இருக்கும் பிள்ளை என்றால் பள்ளியும் சேர்ந்தே மாறும். பத்தாம் வகுப்பின் நடுவில் அதைச் செய்யாதீர்கள். பிறப்புச் சான்றிதழின் அசல், ஆடிய போட்டிகளின் சான்றிதழ்கள் எல்லாம் உங்கள் கைக்கு வந்த பிறகு விலகலைச் சொல்லுங்கள். கல்லூரிச் சேர்க்கையில் விளையாட்டு ஒதுக்கீட்டுக்கு அந்தத் தாள்கள் வேண்டியிருக்கும். இரண்டு ஆண்டில் இது மூன்றாவது மாற்றம் என்றால், மாற விரும்புவது பிள்ளையா அப்பாவா என்று அம்மா ஒரு வார்த்தை கேட்டுவிடலாம்.

விலகும் செய்தியை வாட்ஸாப்பில் அனுப்ப வேண்டாம். பிள்ளை நேரில் போய், கிளப்பின் ஜெர்சியைத் துவைத்து மடித்துத் திருப்பிக் கொடுத்து, ‘சார், இந்த மாதத்தோடு நிற்கிறேன்’ என்று சொல்லட்டும். அடுத்த சில வாரங்கள் மாலை ஐந்து மணி வெறிச்சென்று இருக்கும். உடனே அந்த இடத்தில் டியூஷனைக் கொண்டுவந்து வைக்காதீர்கள். பேட்டையும் விற்றுவிடாதீர்கள், பரணில் கிடக்கட்டும். ஷூ மட்டும் ஆறு மாதத்தில் எப்படியும் காலுக்குச் சின்னதாகிவிடும். அதைப் பழைய அணியில் எந்தத் தம்பிக்குக் கொடுப்பது என்பதைப் பிள்ளையே சொல்லட்டும்.