வேட்பாளர் படலைக்கு வந்தால் என்ன கேட்பது?

பிரதேச சபைத் தேர்தல் வந்துவிட்டால் எங்கள் ஊர்ப் படலைகளுக்கு ஓய்வு கிடையாது. துண்டுப்பிரசுரம், கும்பிடு, "அக்கா, எங்களை மறந்துபோகாதேங்கோ" என்ற ஒரு வசனம், அதோடு அடுத்த வீடு. அப்படிப் போகவிடாமல் ஒரு கதிரையைப் போட்டு, பிளேன்ரீயையும் கையில் கொடுத்து இருத்திவிடுங்கள். சபையைப் பற்றி அவருக்கு என்ன தெரியும் என்பது ரீ ஆறுவதற்குள் வெளியே வந்துவிடும். நான் கிளிநொச்சி மாவட்டத்தில் தருமபுரப் பக்கம் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தின் செயலாளர். கொஞ்சம் வயலும் சில மாடுகளும் இருக்கின்றன. எந்தக் கட்சிக்காரர் வந்தாலும் நான் கேட்பது இவைதான்.

முதலில், "தம்பி, நீங்கள் வட்டாரத்தில நிக்கிறீங்களா, பட்டியலிலயா?" சபை உறுப்பினர்களில் 60 சதவீதம் பேர் வட்டாரத்தில் நேரடியாக வென்றும், 40 சதவீதம் பேர் கட்சி பெற்ற வாக்கு வீதப்படி அதன் பட்டியலிலிருந்தும் வருகிறார்கள். வாக்குச்சீட்டில் ஆளின் பெயர் இராது. கட்சி அல்லது சுயேச்சைக் குழுவின் பெயரும் சின்னமும்தான் இருக்கும்; விருப்பு வாக்கும் இல்லை. பட்டியலில் இருப்பவரின் முகத்தைப் பார்த்து நீங்கள் புள்ளடி போடலாம், ஆனால் கதிரையை யாருக்குக் கொடுப்பது என்று பிறகு கட்சிதான் முடிவுசெய்யும். பெண் வேட்பாளர் வந்தால் இதைக் கட்டாயம் கேளுங்கள். 25 சதவீதம் பெண்கள் வேண்டும் என்பதற்காகப் பெயரை மட்டும் வாங்கிப் போட்டார்களா, வேலை செய்யவும் விடுவார்களா என்பது அந்தப் பதிலில் தெரியும்.

அடுத்தது, அவர் தருகிற வாக்குறுதி சபையின் வேலைதானா என்று பார்க்கவேண்டும். இங்கேதான் பாதிப் பேர் சறுக்குவார்கள். கல்மடுக்குளத்தைத் திருத்துவேன் என்பார். அது நீர்ப்பாசனத் திணைக்களத்தின் பொறுப்பு. காணிக்குப் பேர்மிற் (அரச காணி அனுமதிப்பத்திரம்) எடுத்துத் தருவேன் என்பார். அது பிரதேச செயலகம். எங்களுக்குச் செயலகம் கண்டாவளை, சபை கரைச்சி, இரண்டும் வேறு வேறு. பரந்தன்–முல்லைத்தீவு வீதியில் இப்படியே போய் விசுவமடுவுக்கு வந்தால் மாவட்டமும் மாறிவிடும், சபையும் புதுக்குடியிருப்பு ஆகிவிடும். அந்தப் பெரிய வீதியோ வீதி அபிவிருத்தி அதிகார சபையுடையது. மணல் அகழ அனுமதி கொடுப்பது புவிச்சரிதவியல் பணியகம். ஆனால் மணல் டிப்பர் உடைத்துப்போட்டுப் போகிற ஒழுங்கை சபையுடையது!

ஆகவே கையோடு ஒழுங்கைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். "இந்த மதகு ஆருடையது? இந்த லைற் எரியாட்டி ஆரிட்டச் சொல்லவேணும்?" இரண்டு கேள்வி போதும். ஒழுங்கை, தெரு விளக்கு, வடிகால், குப்பை, சந்தை, சுடலை, நூலகம், கோடையில் தண்ணீர் பவுசர். சபை என்றால் பெரும்பாலும் இவ்வளவுதான். இதைச் சின்ன வேலை என்று நினைக்கிறவர் மாகாண சபைத் தேர்தல் வரும்வரை காத்திருக்கட்டும்.

இனி மாடு. என்னைக் கேட்டால், எங்கள் பக்கத்தில் வேட்பாளரை அளக்க இதைவிட நல்ல கேள்வி இல்லை. கட்டாக்காலி மாட்டைப் பிடித்துக் கட்டி, உரிமையாளரிடம் தண்டம் அறவிடுவது சபையின் அதிகாரம். காலபோகப் பயிர் நிற்கும்போது மாடு வேலியைப் பிரித்து இறங்கினால் ஒரு இரவில் ஒரு மூலை வயல் போய்விடும். மழைக்காலத்தில் சூட்டுக்காகத் தார் வீதியில் வந்து படுக்கும். மோட்டார்சைக்கிளில் வருகிறவருக்குக் கிட்டப் போகும்வரை அந்தக் கறுப்பு மாடு தெரியாது. வயல்காரரிடம் போய் "எல்லாத்தையும் பிடிச்சு ஏலம் விடுவம்" என்றும், மாட்டுக்காரரிடம் போய் "ஏழைகளின்ர மாட்டில கை வைக்கமாட்டம்" என்றும் சொல்கிற வேட்பாளர் உண்டு. இரண்டு வீட்டாரும் ஒரே கூட்டத்தில் இருக்கும்போது கேளுங்கள்.

அவர் எந்தப் பக்கம் சாய்கிறார் என்பதைவிட எவ்வளவு தூரம் யோசித்திருக்கிறார் என்பதைப் பாருங்கள். பிடிக்கிற மாட்டை எங்கே கட்டுவார்? அங்கே தண்ணீர் வைப்பது யார்? கன்று வீட்டில் நிற்க, தாய்மாடு சபை வளவில் எத்தனை நாள் நிற்கும்? காதில் இலக்கத் தகடு இல்லாத மாட்டுக்கு ஆளை எப்படிக் கண்டுபிடிப்பார்? மேய்ச்சல் தரை என்று இருந்த இடத்தில் ஒரு துண்டு வயலாகிவிட்டது, இன்னொரு துண்டில் வனத் திணைக்களத்தின் எல்லைக்கல். மேய்ச்சல் தரை ஒதுக்குவது சபையின் கையில் இல்லை. "தீர்மானம் போட்டுச் செயலகத்துக்கு அனுப்பி, ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டத்தில விடாமல் கேப்பன்" என்று ஒருவர் சொன்னால், அவருக்கு விசயம் தெரியும். இன்னொரு ரீ கொடுக்கலாம்.

காசு பற்றிய கேள்வி சுருக்கமானது: எங்கிருந்து வரும்? ஆதனவரி, சந்தைக் குத்தகை, வியாபார உரிமக் கட்டணம், முத்திரைத் தீர்வை, நீதிமன்றத் தண்டப்பணம், மேலிருந்து வருகிற ஒதுக்கீடு. எங்கள் ஊரில் பேர்மிற் காணிதான் கூட, உறுதி எழுதிக் கைமாறுவது குறைவு. அதனால் உறுதி எழுதும்போது கட்டுகிற முத்திரைத் தீர்வையில் பெரிதாக எதிர்பார்க்க முடியாது. வரியும் கூட்டமாட்டேன், எல்லா ஒழுங்கைக்கும் கொங்கிறீற் போடுவேன் என்கிறவரிடம் எந்த ஒழுங்கை முதலில் என்று கேளுங்கள். ஒரு பெயர் சொல்லவேண்டும். சொல்லாவிட்டால் விட்டுவிடுங்கள்.

குப்பையிலும் இதே மாதிரித்தான். எடுப்பேன் என்று எல்லோரும் சொல்வார்கள், எங்கே கொட்டுவேன் என்று சொல்பவர் அரிது.

பதில்களை ஒரு கொப்பியில் எழுதி, திகதி போட்டு, அவரிடமே கையெழுத்து வாங்குங்கள். முகம் சுளிப்பார்கள், பரவாயில்லை. கொப்பி சனசமூக நிலையத்தில் இருக்கட்டும். 2023 மார்ச்சில் சபைகளின் காலம் முடிந்து 2025 மே 6 வரை தேர்தலே நடக்கவில்லை. அந்த இடைவெளியில் யார் என்ன சொன்னார் என்பதை ஊரே மறந்துவிட்டது.

வென்று வந்தபின், ஆண்டு முடிவில் பாதீட்டு வரைவைப் பொதுமக்கள் பார்வைக்கு வைப்பார்கள். கொப்பியோடு போய் உங்கள் ஒழுங்கையின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் சபையின் தகவல் அலுவலரிடம் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எழுதிக் கொடுக்கலாம். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்லவேண்டும். "ஒழுங்கைகள் திருத்தப்பட்டனவா" என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் வரும். ஒழுங்கையின் பெயர், எந்த ஆண்டு, ஒதுக்கிய தொகை, ஒப்பந்தக்காரர் என்று பிரித்துக் கேளுங்கள். கடிதத்தைப் பெற்றுக்கொண்டதற்கான துண்டை வாங்காமல் மட்டும் சபை வாசலைத் தாண்டி வரவேண்டாம்.