மலை ஏற்றத்தில் எஞ்சின் சூடான காற்றை இழுக்கிறதா? நீங்களே பார்த்துச் சரிசெய்யலாம்

கம்பளையில் இருந்து நுவரெலியாவுக்குப் போகும்போது, புசல்லாவை தாண்டி இறம்பொடை ஏற்றம் வந்ததும் சின்ன கார்களுக்கு மூச்சு வாங்க ஆரம்பிக்கும். ஏசியை நிறுத்துவோம், இரண்டாம் கியருக்கு வருவோம், பின்னால் வரும் வானுக்கு வழி விடுவோம். "மலையில் காற்று மெல்லிசு, அப்படித்தான் இருக்கும்" என்று சொல்லிக்கொள்வோம்.

அது பாதி உண்மை. நுவரெலியா 1868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. டர்போ (காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும் கருவி) இல்லாத காரில் இந்த இழப்பை மீட்க வழி கிடையாது. மீதிப் பாதி பொனட்டுக்குள் இருக்கிறது. ஏற்றத்தில் எஞ்சினுக்கு வேலை அதிகம், காரின் வேகமோ குறைவு. ரேடியேட்டரைத் தாண்டி வரும் சூடு வெளியேறாமல் உள்ளேயே தேங்குகிறது. வெளியே 20 டிகிரி குளிர்க்காற்று இருக்க, எஞ்சின் 50 டிகிரிக் காற்றை இழுத்தால் அதன் அடர்த்தி ஏறத்தாழ 9 சதவீதம் குறைந்துவிடும். ஏற்கெனவே மெல்லிய காற்றில் இன்னும் 9 சதவீதம் போனால் 800 சிசி, 1000 சிசி கார்களில் நன்றாகவே தெரியும். இந்தப் பங்கை நாம் மீட்கலாம், செலவும் அதிகமில்லை.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதனால் பெற்றோல் மிச்சமாகும் என்று எதிர்பார்க்க வேண்டாம். கிடைப்பது ஏற்றத்தில் கொஞ்சம் இழுவை, அவ்வளவுதான்.

முதலில் அளந்து பாருங்கள்

ப்ளூடூத்தில் வேலை செய்யும் சின்ன ஓபிடி ரீடர் (காரின் கம்பியூட்டரில் உள்ள எண்களை வாசிக்கும் கருவி) ஒன்றை வாங்கி, ஸ்டியரிங்கின் கீழே இருக்கும் சொக்கெட்டில் செருகி, போனில் அதற்கான ஆப்பைத் திறந்தால் 'இன்டேக் எயார் டெம்பரேச்சர்' என்று ஓர் எண் வரும். எஞ்சினுக்குள் போகும் காற்றின் சூடு அதுதான்.

அந்த எண்ணை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள். கம்பளையில் இருந்து நுவரெலியா போவதற்குள் வெளிக்காற்றே 9 டிகிரி அளவுக்குக் குளிர்ந்துவிடும். அதனால் வெளி வெப்பநிலையைக் கழித்து வரும் வித்தியாசத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். சமதரையில் ஓடும்போது 5 முதல் 10 டிகிரி வித்தியாசம் இருந்தால் கவலையில்லை. நின்று புறப்பட்ட முதல் சில நிமிடங்கள் எந்தக் காரிலும் எண் ஏறித்தான் இருக்கும், அதை விட்டுவிடுங்கள். ஆனால் தொடர்ந்து ஏறிக்கொண்டிருக்கும்போது வித்தியாசம் 25, 30 என்று நின்றால், உங்கள் கார் பொனட்டுக் காற்றைக் குடிக்கிறது.

காற்று வரும் வழியைத் தேடுங்கள்

எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு பொனட்டைத் திறந்து, எயார் பில்டர் பெட்டியில் இருந்து முன்பக்கமாகப் போகும் குழாயைப் பின்தொடருங்கள். பெரும்பாலான கார்களில் அதன் வாய் ஹெட்லைட்டுக்குப் பின்னாலோ, ரேடியேட்டருக்கு மேலேயோ, வெளிக்காற்று படும் இடத்தில் இருக்கும்.

இருக்க வேண்டும் என்றுதான் சொல்ல முடியும். பழைய கார்களில் அடிக்கடி காணாமல் போவது இந்தக் குழாய்தான். முன்பக்கம் அடிபட்டுச் சரிசெய்யும்போதோ, பேன் மோட்டரைக் கழற்றும்போதோ எடுத்து வைத்தது திரும்பப் போடப்படுவதில்லை. சத்தத்தைக் குறைக்க வைத்த பிளாஸ்டிக் டப்பாவைக் கழற்றிவிட்டு, அந்த ஓட்டையை அப்படியே விட்டிருப்பதும் உண்டு. அதன் வழியாகவும் சூடான காற்றுதான் போகும். ரேடியேட்டரின் மேல் விளிம்பில் இருக்கும் ரப்பர் பட்டியையும் பாருங்கள். அது பிய்ந்திருந்தால் ரேடியேட்டரின் சூடு முன்பக்கமாகச் சுற்றி வந்து குழாயின் வாய்க்குள்ளேயே நுழையும்.

விலை போட்டுக் கூம்பு வடிவ பில்டர் வாங்க நினைப்பவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். பெட்டியே இல்லாமல் பொனட்டுக்குள் திறந்து நிற்கும் பில்டர் எங்கிருந்து காற்றை இழுக்கும்? சத்தம் மட்டும் கம்பீரமாக வரும்.

குழாய் போடுவது

தொலைந்த குழாயைப் பழைய உதிரிப்பாகக் கடைகளில் தேடுவதுதான் என் முதல் யோசனை. கிடைக்காவிட்டால் சூடு தாங்கும், வளையக்கூடிய ஹோஸ் ஒன்றை வாங்குங்கள். பெட்டியின் வாயை அளந்துகொண்டு போங்கள். ஹோஸின் உள் விட்டம் அதைவிடச் சிறியதாக இருக்கக் கூடாது. முடிந்தவரை குறைந்த வளைவுகளோடு கொண்டுபோய், கிளிப் போட்டு இறுக்குங்கள். ஹோஸ் பேனிலோ பெல்ட்டிலோ உரசாமல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் எஞ்சினை ஸ்டார்ட் பண்ண வேண்டும்.

வாய் எங்கே இருக்க வேண்டும்? கிரில்லுக்குப் பின்னால், ரேடியேட்டரின் சூடு படாத இடத்தில். பம்பருக்குக் கீழே இறக்கினால் இன்னும் குளிர்ந்த காற்று வரும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். தென்மேற்குப் பருவ மழையில் மலைப்பாதைகளில் தண்ணீர் குறுக்கே பாயும். எஞ்சின் தண்ணீரை இழுத்தால் கனெக்டிங் ரொட் வளைந்து, எஞ்சினே போய்விடும். கம்பனி வைத்த உயரத்துக்குக் கீழே வாய் வரவே கூடாது. மழை நேராக அடிக்காதபடி அதைக் கொஞ்சம் பக்கவாட்டில் திருப்பி வையுங்கள். பெட்டியின் அடியில் தண்ணீர் வடியும் சின்னத் துளை இருந்தால் அதை அடைக்க வேண்டாம்.

புதியவர்களுக்கு ஒரு கட்டுப்பாடு: பில்டர் பெட்டிக்கு முன்னால் இருப்பதை மட்டும் தொடுங்கள். பெட்டிக்கும் எஞ்சினுக்கும் நடுவே உள்ள குழாயில் சென்சர் இருக்கும். அங்கே சின்னக் கசிவு வந்தாலும் காற்று, பெற்றோல் கலவை கெட்டு, எஞ்சின் லைட் எரியும்.

சூட்டை மறைப்பது

சைலன்சர் மேனிபோல்ட் (எஞ்சினின் சூடான புகை வெளியேறும் இரும்புக் குழாய்) பக்கமாகப் போகும் காற்றுக் குழாய்க்கும் பில்டர் பெட்டிக்கும், அலுமினியம் பூசிய, சூடு தாங்கும் தாளைச் சுற்றலாம். பளபளப்பான பக்கம் வெளியே இருக்க வேண்டும். ஸ்பொஞ், ரெஜிபோம் வேண்டாம், தீப்பிடிக்கும். மேனிபோல்ட்டையே துணிப்பட்டியால் சுற்றுவது நம் மலைநாட்டு ஈரத்துக்குச் சரிவராது. பட்டி ஈரத்தைப் பிடித்து வைத்து இரும்பைத் துருப்பிடிக்க வைக்கும்.

அப்புறம் அதே ஏற்றத்தில், அதே கியரில், முன்பு போனது போன்ற ஒரு நாளில் ஓட்டி வித்தியாசத்தைத் திரும்பப் பாருங்கள். குறையவே இல்லையென்றால் ரேடியேட்டர் பேன் ஒழுங்காகச் சுற்றுகிறதா, கூலன்ட் சரியான அளவில் இருக்கிறதா என்று மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

கார்புரேட்டர் கார் வைத்திருப்பவர்களுக்கு

கார்புரேட்டர் என்பது பழைய கார்களில் பெற்றோலையும் காற்றையும் கலக்கும் பாகம். அப்படிச் சில கார்களில் மேனிபோல்ட் பக்கத்தில் இருந்து எயார் கிளீனருக்கு வேண்டுமென்றே ஒரு குழாய் போகும். கோடைக்கும் குளிருக்கும் மாற்ற ஒரு சின்ன நெம்புகோலும் இருக்கும். நுவரெலியா, கந்தப்பளை பக்கத்தில் ஈரமும் குளிரும் சேர்ந்த காலையில் கார்புரேட்டருக்குள்ளேயே பனி கட்டக்கூடும். புறப்பட்ட சிறிது நேரத்தில் எஞ்சின் திணறி நிற்கும், கொஞ்ச நேரம் விட்டால் தானாகச் சரியாகிவிடும். அந்தச் சூட்டுக் குழாய் இதைத் தடுக்கத்தான் இருக்கிறது, கழற்றி எறியாதீர்கள். கார் கம்பளை, மாத்தளை பக்கம் மட்டும் ஓடுவதென்றால் நெம்புகோலைக் கோடைப் பக்கமே விட்டுவிடலாம்.