தேங்காயில் ஏற்றிக் கையால் தைக்கும் பழைய காலத் தலைப்பாகைத் தொப்பி

கலியாண வீட்டில் மாப்பிள்ளைக்கு வைக்கும் தலைப்பாகையைக் கையில் எடுத்துப் பார்த்திருக்கிறீர்களா? எங்கள் மாமாவின் கலியாணத்துக்கு வாங்கி, பிறகு குடும்பத்தில் இன்னும் மூன்று மாப்பிள்ளைகள் வைத்த தலைப்பாகை ஒன்று அலுமாரியின் மேல்தட்டில் கிடந்தது. பட்டு பூச்சியரித்து இனி வைக்க முடியாது என்றானதும் நான் அதைக் கேட்டு வாங்கி, சின்னக் கத்தரிக்கோலால் மெல்ல மெல்லப் பிரித்தேன். உள்ளே ஒரு அட்டை வளையம். அதன்மேல் பருத்தித் தொப்பி. நெற்றி படும் இடத்தில் நாலு பேரின் வியர்வையும் இறங்கி மஞ்சளான நாடா. வெளியே அலை அலையாகக் கிடந்த ஒவ்வொரு மடிப்பையும் உள்ளுக்குள் ஒரு சின்னத் தையல் பிடித்திருந்தது. வெளியில் ஒரு நூல்கூடத் தெரியவில்லை. பார்ப்பவருக்குச் சுற்றிக் கட்டியது போல இருந்தாலும் அது முழுக்க முழுக்கத் தைத்த தொப்பி.

1930, 40களில் ஐரோப்பியப் பெண்கள் வைத்த தலைப்பாகைத் தொப்பியும் இதே கணக்குத்தான். அதற்கும் முன்பே, 1910ஐ ஒட்டிய ஆண்டுகளில், போல் புவாரே என்ற பாரிஸ் உடை வடிவமைப்பாளர் கிழக்கு நாட்டுத் தலைப்பாகையைப் பெண்களின் நாகரிகமாக்கிவிட்டார். ஆனால் அதைச் சாதாரண வீடுகளுக்குள் கொண்டுபோனது இரண்டாம் உலகப்போர். பிரிட்டனில் 1941 ஜூன் 1 முதல் துணிக்குப் பங்கீட்டுக் கூப்பன் வந்தது. ஆயுதத் தொழிற்சாலைக்குப் போன பெண்கள் தலைமுடி இயந்திரத்தில் சிக்காமல் துணியால் சுற்றிக் கட்டினார்கள். கழித்துப்போட்ட துணியே தொப்பியானது. நம் துறைமுகத்தில் ஜப்பானிய விமானங்கள் குண்டு போட்டது 1942 ஏப்ரல் 9 என்பது திருகோணமலையில் பலருக்கும் தெரியும். அந்தக் காலத்து அலங்காரம்தான் இது.

எனக்கு இது பிடித்துப்போனதற்கு நம் ஊர்க் காற்றும் ஒரு காரணம். தென்மேற்குக் காற்றான கச்சான் வீசும் மாதங்களில் டச்சுக் குடாப் பக்கம் அகல விளிம்புத் தொப்பி வைத்துக்கொண்டு நடக்க முடியாது. காற்று கரையிலிருந்து கடலுக்கு வீசுவதால் தொப்பியும் நேரே கடலுக்குத்தான் போகும். தலையோடு ஒட்டி உட்காரும் இந்தத் தொப்பி அசையாது.

ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சீக்கியர்கள் தினமும் தங்கள் கையால் கட்டும் தலைப்பாகை அவர்களுடைய சமய அடையாளம். நாம் செய்யப்போவது அலங்காரத் தொப்பி. இரண்டையும் ஒன்றாக்க வேண்டாம்.

என்னென்ன வேண்டும்

பழைய வொயில் சேலை ஒன்று. முந்தானை கிழிந்திருந்தாலும் பரவாயில்லை, நல்ல பகுதியில் 40 அங்குலச் சதுரம் தேறினால் போதும். முதல் தொப்பிக்கு வொயிலைத்தான் சொல்வேன். மெல்லியது, மடிப்பு நிற்கும், நம் வெயிலுக்குத் தலை வேகாது. ஜோர்ஜெட் வடிவாக விழும், ஆனால் பழகாத கையில் வழுக்கிக்கொண்டே போகும். வெல்வெட் மழைக்காலத்துக்குச் சரி, அதுவும் இரண்டு தொப்பி தைத்த பிறகு.

உள்தொப்பிக்கு முக்கால் யார் வெள்ளைப் பருத்தித் துணி, சட்டைக் கொலருக்கு உள்ளே வைக்கும் கன்வஸில் ஒன்றரை அங்குல அகலமான துண்டு, ஓரங்குல அகல நாடா. கன்வஸும் நாடாவும் தலா 25 அங்குலம் போதும். துணியின் நிறத்திலேயே நூல், மெல்லிய நீள ஊசி, ஒரு பெட்டி குண்டூசி, அளவு நாடா. தையல் மெஷின் தேவையே இல்லை.

பிறகு, உரிக்காத தேங்காய் ஒன்று. தொப்பி செய்பவர்கள் மரத்தில் கடைந்த தலை உருவம் வைத்திருப்பார்கள். நமக்குத் தேங்காய் அதைவிட வசதி, ஏனென்றால் பொச்சுமட்டையில் குண்டூசி இறங்கும், குத்திய இடத்திலேயே நிற்கும். பெரிய தேங்காயாகப் பார்த்து எடுத்து, உங்கள் தலையளவு வரும்வரை மேலே பழைய துவாயைச் சுற்றிக் கட்டுங்கள். உருளாமல் இருக்க ஒரு சட்டிக்குள் இருத்துங்கள்.

துணி எல்லாவற்றையும் வெட்டுவதற்கு முன் ஒரு இரவு தண்ணீரில் ஊறவைத்து, நிழலில் காயவிட்டு, அயன் பண்ணி எடுங்கள். என் முதல் தொப்பிக்கு உள்துணியை நனைக்காமல் வெட்டினேன். முதல் தடவை கழுவியதுமே சுருங்கி, காதுக்கு மேலே ஏறி நின்றது. இரண்டு நாள் வேலை.

அளவு

புருவத்துக்கு இரண்டு விரல் மேலே, காதுக்குச் சற்று மேலே, பின்தலையில் துருத்தும் எலும்புக்குக் கீழே: இப்படி ஒரு சுற்று அளந்து கொள்ளுங்கள். நாடாவுக்குள் ஒரு விரல் நுழைய வேண்டும். 22 அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். அதோடு அரை அங்குலம் கூட்டினால் 22½. உள்ளே வரும் நாடாவும் தையலும் அந்த அரை அங்குலத்தைத் தின்றுவிடும். இனி ஒரு காதின் மேலிருந்து உச்சி வழியாக மறுகாதின் மேல்வரை அளந்து பாருங்கள். 14 வரும். அதில் பாதி 7.

உள்தொப்பி

22½ஐ ஆறால் வகுத்தால் 3¾. இதுதான் ஒரு இதழின் அடி அகலம். உயரம் 7. தடித்த காகிதத்தில் இந்த இதழை வரையுங்கள். அடியிலிருந்து ஒன்றரை அங்குலம்வரை இரு பக்கமும் நேராக ஏறட்டும். அதன்பின் மெல்ல வளைந்து உச்சியில் கூராகட்டும். அடியிலிருந்து 4¼ அங்குல உயரத்தில் அகலம் 2¾ இருந்தால் வளைவு சரி. வளைவு வயிறு போல வெளியே தள்ளினால் உச்சியில் துணி குமிழும், உள்ளே குழிந்தால் தொப்பி கூம்பாகிவிடும். காகிதத்தை நடுவில் நீளவாக்கில் மடித்து வெட்டினால் இரு பக்கமும் ஒன்றாக வரும்.

பக்கங்களில் கால் அங்குலம், அடியில் அரை அங்குலம் தையலுக்கு விட்டு ஆறு இதழ் வெட்டுங்கள். மூன்று மூன்றாக இணைத்து இரண்டு பாதிகள் ஆக்கி, கடைசியில் அந்த இரண்டையும் ஒரே நீளத் தையலாகச் சேர்த்தால் உச்சியில் ஆறு கூர்களும் ஒரு புள்ளியில் கூடும். ஒவ்வொன்றாகச் சுற்றிக்கொண்டே போனால் கூடாது. எல்லாம் பின்தையல்: ஊசியை முன்னே விட்டு, ஒரு தையல் பின்னே வந்து குத்தி, மறுபடி முன்னே. ஊசியை முன்னோக்கியே மேலும் கீழுமாக விட்டுக்கொண்டு போகும் ஓட்டுத் தையல் இந்த இழுவைக்குத் தாங்காது.

தைத்த பிறகு தொப்பியைப் புரட்ட வேண்டாம். தையல் பிசிறு வெளிப்பக்கமாகவே இருக்கட்டும். எப்படியும் அதை மூடிவிடுவோம். தலையில் படும் பக்கம் வழவழப்பாக இருக்கும். சிகிச்சையால் முடி கொட்டியவர்களுக்குத் தைப்பதானால் இது மிக முக்கியம், வெறும் தோலில் ஒரு தையல் முனைகூட உறுத்தக்கூடாது.

இப்போது கன்வஸ் துண்டைத் தொப்பியின் அடி விளிம்பில் வெளிப்பக்கமாகச் சுற்றி, முனைகளை ஓரங்குலம் ஒன்றன்மேல் ஒன்று ஏற்றி, மேலும் கீழும் ஓட்டுத் தையல் போடுங்கள். உள்தொப்பி முடிந்தது. தேங்காயில் மாட்டிவிடுங்கள்.

மூலைவாட்டு வெட்டு

தொப்பியின் அழகு முழுவதும் இந்த வெட்டில்தான். துணியின் நீளவாக்கிலோ குறுக்குவாக்கிலோ வெட்டிய பட்டி இழுத்தால் நீண்டு கொடுக்காது. மூலையிலிருந்து மூலைக்கு வெட்டியது கொடுக்கும், தலையின் வளைவுக்குத் தானாக வளையும். தையல்காரர்கள் கிராஸ் என்று சொல்வது இதைத்தான். உங்கள் 40 அங்குலச் சதுரத்தின் ஒரு மூலையை எதிர்மூலையோடு சேர்த்து மடித்தால் நடுவே விழும் கோடுதான் மூலைவாட்டுக் கோடு. அதை விரலால் அழுத்தி அடையாளம் வைத்து, விரித்து, கோட்டின் இரு பக்கமும் பத்துப் பத்து அங்குலம் அகலத்தில் ஒவ்வொரு பட்டி வெட்டுங்கள். இரண்டுக்கும் நீளம் 34 அங்குலம். மிஞ்சும் முக்கோணங்களை எறியாதீர்கள். அவற்றில் ஒன்றிலிருந்து 11 அங்குல விட்டமுள்ள ஒரு வட்டம் தேறும்.

முதலில் அந்த வட்டத்தைத் தொப்பியின் உச்சியில் வைத்து, நாலு பக்கமும் மெல்ல இழுத்துக் குண்டூசி குத்துங்கள். பிறகு இடையில் நாலு, அதற்கிடையில் இன்னும் எட்டு. ஓரத்தில் மிஞ்சும் துணியைச் சின்னச் சின்னச் சுருக்கங்களாக எல்லாப் பக்கமும் சமமாகப் பகிர்ந்து ஓட்டுத் தையல் போடுங்கள். ஓரச் சுருக்கத்தைப் பட்டிகள் மறைத்துவிடும்.

இனிப் பட்டிகள். ஒவ்வொன்றையும் நல்ல பக்கம் உள்ளே வர நீளவாக்கில் மடித்து, கால் அங்குலத்தில் தைத்து, குழாயாகப் புரட்டிக்கொள்ளுங்கள். தைக்கும்போது நூலைத் தளர்வாக விடுங்கள், இறுக்கினால் துணி இழுபடும்போது நூல் அறுந்துவிடும். குழாயை அயன் பண்ண வேண்டாம்! விளிம்பு உருண்டு மெத்தென்று இருந்தால்தான் 40களின் தோற்றம். அழுத்தி மடித்த விளிம்பு கடித உறை போல இருக்கும்.

முடிச்சும் மடிப்பும்

இரண்டு கைகளின் ஆட்காட்டி விரல்களையும் கொக்கி போல வளைத்து ஒன்றையொன்று கோத்து இழுத்துப் பாருங்கள். முன்முடிச்சு அதேதான். முதல் குழாயின் நடுப்பகுதியை விரல்களால் ஓரங்குல அகலத்துக்குச் சுருக்கி மடியுங்கள். இரண்டாவதையும் அப்படியே சுருக்கி, முதலாவதின் வளைவுக்குள்ளால் விட்டு எதிர்ப்பக்கம் மடியுங்கள். தையல் கோடு அடியில் இருக்கட்டும். இழுத்தால் குழாய்களின் முனைகள் இடப்பக்கம் இரண்டு கை, வலப்பக்கம் இரண்டு கை என்று நிற்கும். முடிச்சைத் தொப்பியின் முன்நடுவில், விளிம்பிலிருந்து ஓரங்குலம் மேலே வைத்து, அடியிலிருந்து நாலைந்து உறுதியான தையல் போடுங்கள்.

கீழ்க் கைகள் இரண்டையும் முதலில் எடுங்கள். விளிம்புக்குக் கீழே அரை அங்குலம் தொங்கும்படி, காது வழியாகப் பின்னுக்குக் கொண்டுபோய்க் குத்துங்கள். இழுவை மெல்லியதாக இருக்கட்டும், துணி தொப்பியில் படிந்தால் போதும். பின்நடுவில் ஒன்றன்மேல் ஒன்று ஒன்றரை அங்குலம் ஏறும்படி பொருத்தி, மிஞ்சியதை வெட்டித் தையுங்கள். பிறகு மேல் கைகள். இவை கீழ்க் கையின் மேல் விளிம்பைச் சற்று மூடி, உச்சிப்பக்கம் விசிறி போல விரிந்து, பின்னால் இறங்க வேண்டும். பின்னால் ஒன்றை மற்றதன் மேல் ஏற்றி, வெட்டிய முனையை உள்ளே மடித்து ஒளித்துவிடுங்கள்.

மடிப்புகளை நீங்கள் உண்டாக்க வேண்டியதில்லை. முடிச்சிலிருந்து மூன்று நாலு வரிகள் தாமாகவே கிளம்பிவரும். அவற்றை விரல் நுனியால் பின்னோக்கி வழிநடத்துங்கள், அவ்வளவுதான். மெல்லியதும் பருத்ததுமாக, ஒன்றுக்கொன்று சமமில்லாமல் போகட்டும். அளந்து வைத்த மடிப்பு பள்ளிக்கூடப் பாவாடை போலாகிவிடும்.

இனி மாமாவின் தலைப்பாகையில் நான் கண்ட அந்தத் தையல். தொப்பியைத் தேங்காயிலிருந்து கழற்றி, ஊசியை உள்ளிருந்து மேலே விடுங்கள். அது ஒரு மடிப்பின் பள்ளத்தில் எட்டிப் பார்க்கும். அங்கே துணியின் ஒரே ஒரு இழையை மட்டும் ஊசி நுனியால் தூக்கி, வந்த துளைக்குப் பக்கத்திலேயே உள்ளே இறங்குங்கள். நூலை முழுக்க இறுக்காதீர்கள், இறுக்கினால் வெளியில் தொப்புள் போலக் குழி விழும். ஒன்றரை அங்குலத்துக்கு ஒரு தையல், ஒவ்வொரு பள்ளத்திலும். ஒரு தொப்பிக்கு நாற்பது, ஐம்பது தையல் வரும். இதற்கு நான் பகல் வெளிச்சத்தில் வாசலில்தான் உட்காருவேன். இரவு மின்விளக்கில் அந்த ஒற்றை இழை கண்ணுக்கு அகப்படாது. ஐந்தாறு தையலுக்கு ஒருமுறை தொப்பியைத் திருப்பி வெளிப்பக்கத்தைப் பாருங்கள், கோணிய மடிப்பை அப்போதே அவிழ்த்துத் திருத்தலாம்.

கடைசியில், கீழே தொங்கும் அரை அங்குலத்தை விளிம்பைச் சுற்றி உள்ளே மடித்துத் தைத்து, அதன்மேல் நாடாவை வையுங்கள். நாடாவின் இணைப்பு பின்நடுவில் வரட்டும். நாடாவை 22½ அங்குலத்துக்கு மேல் விடாமல் அளந்து வையுங்கள், நாள்பட்டாலும் தொப்பி இளகாமல் பிடித்திருப்பது அதுதான். வைத்துப் பார்த்துத் தளர்வாக இருந்தால் முழுவதையும் பிரிக்க வேண்டியதில்லை, நாடாவை மட்டும் பிரித்து கால் அங்குலம் குறைத்துத் தையுங்கள்.

புரோச் குத்த விரும்பினால் முடிச்சின் நடுவில் வேண்டாம், இடக்கண்ணுக்கு நேர் மேலே, சற்றுச் சரிவாகக் குத்துங்கள். அம்மம்மாவின் ஒற்றைக் கல்லுத் தோடு ஒன்றைத்தான் நான் குத்தியிருக்கிறேன், அதன் சோடி எப்போதோ தொலைந்துவிட்டது.

கழுவும்போது ஆறிய சவர்க்காரத் தண்ணீரில் அமுக்கி அமுக்கி எடுங்கள், பிழியக் கூடாது. துவாய்க்குள் வைத்து ஈரத்தை ஒற்றி, அதே தேங்காயில் மாட்டி, விரலால் மடிப்புகளை நீவிவிட்டு, நிழலில் காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். கச்சான் காலத்தில் அரை நாளில் காய்ந்துவிடும். வாடைக்கு இரண்டு நாள் ஆகும், அதுவரை கழற்றாதீர்கள்.