விரல் விட்டு எண்ணாதே என்று சொல்லாதீர்கள்

என் மகளுக்கு டிஸ்கால்குலியா, அதாவது எண்களைக் கையாள்வதில் வரும் கற்றல் குறைபாடு. அது தெரிவதற்கு முன்னால் இரண்டு வருஷம் மும்பை செம்பூரில் எங்கள் வீட்டில் தினமும் சாயங்காலம் ஒரு யுத்தம் நடந்தது. நூறு வரை கடகடவென்று சொல்கிறாளே, அப்புறம் 7-ம் 5-ம் கூட்ட ஏன் இவ்வளவு நேரம், வேண்டுமென்றே செய்கிறாள் என்றுதான் நினைத்தேன். நூறு வரை ஒப்பிப்பது பாட்டு மாதிரி, அதற்கு எண்ணத் தெரிய வேண்டியதில்லை. ஏழு புளியங்கொட்டை எடுத்துத் தா என்று ஒருநாள் கேட்டபோது ஆறு தந்தாள். மறுபடி கேட்டேன், எட்டு.

அன்றைக்கு நோட்டை மூடிவிட்டுப் பல்லாங்குழியை எடுத்தோம். ஒரு குழிக்கு ஒரு காய் என்று போட்டுக்கொண்டே போனால், வாய் சொல்லும் எண்ணும் கை போடும் காயும் ஒன்றாக நடக்கப் பழகும். ஆனால் முழு ஆட்டத்தையும் முதல் நாளே விரித்துவிடாதீர்கள். பதினான்கு குழி, குழிக்கு ஐந்து காய் என்றால் பிள்ளை மிரண்டுவிடும். நாங்கள் நாலு குழி, மூன்று காயில் ஆரம்பித்தோம்.

விரல் விஷயத்துக்கு வருகிறேன். டியூஷனில் திட்டு வாங்கி வாங்கி, அவள் கையை மேசைக்கு அடியில் ஒளித்து எண்ணக் கற்றுக்கொண்டாள். விரல் இருக்கட்டும், அதுதான் அவளிடம் எப்போதும் இருக்கிற மணிச்சட்டம். 7-ஐயும் 5-ஐயும் கூட்ட ஒன்றிலிருந்து எண்ண ஆரம்பிக்கிறாளா என்று மட்டும் பாருங்கள். ஏழை மனதில் வைத்துக்கொண்டு எட்டு, ஒன்பது என்று மேலே போகலாம் என்று காட்டிக்கொடுங்கள். எங்களுக்கு அதற்கே மூன்று மாதம் ஆனது.

பலரும் கவனிக்காதது மொழிக் குழப்பம். வீட்டில் இருபத்தைந்து, பள்ளியில் ட்வென்ட்டி ஃபைவ், காய்கறிக்காரரிடம் இந்தியில் பச்சீஸ், கீழ்வீட்டுப் பாட்டியிடம் மராத்தியில் பஞ்சவீஸ். நம் தமிழில் பத்து முதலில் வரும், எழுதுவதும் அதே வரிசை. மராத்தியில் ஐந்து முதலில், இருபது பிறகு. நாற்பத்தொன்பதை ஏகோணபன்னாஸ் என்பார்கள், ஐம்பதுக்கு ஒன்று குறைவு. 2019-ல் மகாராஷ்டிர அரசின் இரண்டாம் வகுப்பு பாலபாரதி கணக்குப் புத்தகத்தில் ‘வீஸ் பாச்’ (இருபது ஐந்து) என்று பத்தை முன்னால் வைத்துச் சொல்லும் முறையைக் கொண்டுவந்தபோது மராத்திக்காரர்களிடையே பெரிய சண்டையே நடந்தது. எனக்கு அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. நாமும் ரொம்பப் பெருமைப்பட வேண்டாம், எண்பத்தொன்பதுக்கு அடுத்து ‘ஒன்பதுபது’ என்று சொன்ன பிள்ளையிடம் தொண்ணூறை எப்படி நியாயப்படுத்துவது? இதெல்லாம் போதாதென்று மும்பையின் பெஸ்ட் டவுன் பஸ்ஸின் நெற்றியில் தேவநாகரி எண்கள், அதில் ஒன்று என்பது பார்க்க 9 போலவே இருக்கும். பள்ளி எந்த மொழியில் கணக்குக் கேட்கிறதோ அதிலேயே கொஞ்ச காலம் எண்ணுங்கள், அது பிடிபட்ட பிறகு மற்றவை வரட்டும். தாத்தா பாட்டிக்கும் இதைச் சொல்லி வையுங்கள், அதுதான் கஷ்டமான வேலை.

கடைக்குக் கூட்டிப்போய்ச் சில்லறை எண்ணச் சொன்னால் கணக்கு வந்துவிடும் என்பார்கள். இரண்டு ரூபாய் நாணயம் பார்க்க ஒன்று, மதிப்பு இரண்டு. எண்ணவே தடுமாறுகிற பிள்ளைக்கு இது வீண் சோதனை. முதலில் ஒரு ரூபாய் நாணயம் மட்டும் போதும். பத்து சேர்ந்தால் ஒரு பத்து ரூபாய் நோட்டு என்று மாற்றுங்கள். எங்கள் ஃபிளாட் எண் 302, அவள் 3002 என்று எழுதுவாள், காதில் விழுந்தபடி முந்நூறு, அப்புறம் இரண்டு. ஐஸ் குச்சிகளைப் பத்துப் பத்தாக ரப்பர் பேண்ட் போட்டு, பத்துக் கட்டுகளைச் சேர்த்து நூறாக்கி, தனிக் கட்டு ஒன்றுகூட இல்லாத இடத்தில் பூஜ்யம் வைக்கிறோம் என்று காட்டியபோதுதான் அது மெல்லச் சரியானது. கழித்தலிலும் அதே குச்சிதான். ‘பக்கத்து வீட்டில் கடன் வாங்கு’ என்றால், “எப்பம்மா திருப்பிக் கொடுக்கணும்?” என்று கேட்டாள். கட்டைப் பிரித்துக் காட்டினேன், கேள்வி நின்றது.

அபாகஸ் வகுப்பு, கடிகாரம் வைத்து வாய்ப்பாடு இரண்டும் வேண்டாம். வேகம் என்றாலே அவளுக்கு உள்ளங்கை வியர்க்கும். பத்து நிமிஷம் போதும், அதுவும் சாப்பிட்ட பிறகு.

அப்புறம், ‘வளர்ந்தால் சரியாகிவிடும், முத்திரை குத்தாதே’ என்ற பேச்சைக் கேட்டு நாங்கள் பரிசோதனையைத் தள்ளிப்போட்டோம். எட்டு வயதுக்கு முன்னால் பொதுவாகச் சான்றிதழ் தரமாட்டார்கள்தான், அதற்காக உதவியையும் எட்டு வயது வரை தள்ளிப்போடாதீர்கள். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் டிஸ்கால்குலியாவும் இருக்கிறது. சான்றிதழ் இருந்தால் பத்தாம் வகுப்புத் தேர்வில் கூடுதல் நேரம், கால்குலேட்டர் போன்ற சலுகைகள் கேட்கலாம். சயான் மருத்துவமனையில் கற்றல் குறைபாட்டுக்கென்றே தனி கிளினிக் உண்டு. போகும்போது அடித்துத் திருத்திய பழைய கணக்கு நோட்டுகளையும் எடுத்துப்போங்கள். நான் அவமானமாக நினைத்துப் பாதியைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டிருந்தேன்.